புள்ளிகூட விழவில்லை

மஞ்சக்குப்பம், சைக்கிள் கடை மாடி.
ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு முதல்முறை வந்த
அஞ்சலாட்சி கேட்டார்:
"பாஸ்வேர்டு அடிக்கிறேன், திரையில
ஒரு புள்ளிகூட விழல.
கீபோர்டு போயிடுச்சா?"

பின்வரிசையில் ஒரு சிரிப்பு.

எழுந்தேன்.
ஒன்பது வருஷமாக
யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்:
இதே கறுப்புத் திரையைப் பார்த்துப் பயந்து
கீபோர்டைப் பிடுங்கிப் பையில் போட்டு
திருப்பாதிரிப்புலியூர் கடைக்குப் போய்
நானூறு ரூபாய்க்குப் புதுசு வாங்கி வந்தேன்.
அதிலும் விழவில்லை.

சிரித்தவர் இதாயத்துல்லா.
"எனக்கு ஆயிரத்து இருநூறு," என்றார்,
"லேப்டாப் கீபோர்டு."

அப்புறம் அறை முழுக்க
அவரவர் நஷ்டக் கணக்கு.

அதற்குள் அஞ்சலாட்சி
தெரியாத எழுத்துகளை நம்பி அடித்து
என்டரைத் தட்டியிருந்தார்.
திறந்துகொண்டது.
"அடுத்து என்ன?"
இரண்டு தரம் கேட்டார்.
எங்கள் கணக்கு
முடிந்தபாடில்லை.