கோலிக்குண்டு

ஆண்டு பிறந்ததும் ஒரு சுற்றறிக்கை வந்தது:
அரசு அலுவலகப் பெண்கள் தலையை மூடவேண்டும்.
மூடினோம்.
பத்துப் பன்னிரண்டு நாளில் இன்னொன்று: வேண்டாம்.
எதிர்மேசை லாலா செசே
கழற்றிய துணியை மடித்து இழுப்பறையில் வைத்தாள்.
"இருக்கட்டும். வருஷம் இப்போதுதானே தொடங்குகிறது."

ஏப்ரலில்
தட்டி பிடித்து நின்றவர்களை வண்டியில் ஏற்றினார்கள்.
ஒருவர் திரும்பவில்லை.
செரக்குண்டா சந்தையில் மீன் விலை கேட்கும் குரலில்
அவர் பெயரைச் சொல்லிக்கொண்டோம்,
காதும் காதும் வைத்தாற்போல்.

பிறகு பெண்கள் சுரைக்குடுவைகளோடு தெருவுக்கு வந்தார்கள்.
கஞ்சி மொள்ளும் குடுவை,
கவிழ்த்து அடித்தால் பறை.
நான் மூன்றாம் மாடியில்
தண்ணீர் வரி ரசீது அடித்துக்கொண்டிருந்தேன்.
ஜன்னலைச் சாத்தினேன்.
அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

டிசம்பர் முதல் தேதி எனக்கு இட்ட வேலை
கேட்பது.

எங்கள் நாட்டில் ஓட்டு ஒரு கோலிக்குண்டு.
சீட்டு கிடையாது, முத்திரை கிடையாது.
மறைப்புக்குப் பின்னால் மூன்று தகரப் பீப்பாய்:
பச்சை, சாம்பல், ஊதா.
துளையில் விட்டால் குழாயில் உருண்டு
உள்ளிருக்கும் மணியில் மோதும்.
டிங்.
அடியில் மணல்.
விழுந்த குண்டு மறுபடி பேசக்கூடாது.
ஆளுக்கு ஒரு டிங்.
இரண்டு கேட்டால் நான் எழுந்திருக்கவேண்டும்.
அன்றைக்கு அந்தப் பக்கம் சைக்கிளுக்குத் தடை.
சைக்கிள் மணியும் ஓட்டாகிவிடும் அல்லவா?

கருவாடு போடும் குனே ஜட்டாவின் விரல்கள்
உப்பில் வெடித்தவை.
குண்டு நழுவி என் காலடிக்கு உருண்டது.
நான் தொடக்கூடாது.
அவளே குனிந்து அதை அதட்டினாள்:
"எங்கே ஓடுகிறாய்? இன்றைக்கு உனக்கு வேலை இருக்கிறது."

சீருடை போட்ட ஒருவன் உள்ளே போனான்.
முழுதாக ஒரு நிமிஷம் சத்தமே இல்லை.
காது வலித்தது எனக்கு.
பிறகு
டிங்.
எந்தப் பீப்பாய் என்று மணி சொல்லாது.
பச்சைக்கும் சாம்பலுக்கும் ஒரே குரல்.
மணிக்கு இருந்த நாணயம்
அந்த ஆண்டு வேறெதற்கும் இருந்ததாக நினைவில்லை.

நானூற்றுப் பதினேழு கேட்டேன்.

இரவு. இணையத்தைத் துண்டித்திருந்தார்கள்.
டார்ச் வெளிச்சத்தில் பீப்பாய்களைக் கவிழ்த்து
குழித்தட்டில் குண்டுகளை அடுக்கினோம்.
சாம்பலுக்கு இரண்டாவது தட்டு கேட்டபோது
யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மறுநாள் தோல்வியை ஒப்புக்கொண்டார், தொலைக்காட்சியில், சிரித்தபடி.
இருபத்திரண்டு வருஷம்!
முன்பின் தெரியாத ஒருத்தி
என்னைக் கட்டிக்கொண்டு என் தோளிலேயே மூக்கைத் துடைத்தாள்.
ஒரு வாரம்கூட முழுதாகப் பொங்கி வழியவில்லை சந்தோஷம்;
அதே தொலைக்காட்சி, அதே வெள்ளை அங்கி:
ஏற்கமாட்டேன், முதலிலிருந்து ஓட்டுப்போடுங்கள்.

என் காதையா பொய் என்கிறாய்?

ஜனவரியில் பாரா போகும் படகில்
மெத்தை, ஆடு, மின்விசிறி, மனிதர்.
லாலா செசேயும் இருந்தாள்.
இழுப்பறைத் துணியில்
பிள்ளைகளின் சான்றிதழ்களை முடிந்து
மடியில் வைத்திருந்தாள்.
புதிய தலைவர் பக்கத்து நாட்டில் பதவியேற்றார்.
அதை நாங்களும் பக்கத்து நாட்டில் இருந்துதான் கேட்டோம்,
ஒரே கைப்பேசியைச் சுற்றிப் பதினோரு பேர்.

சனிக்கிழமை இரவு விமானம் கிளம்பிற்று என்றார்கள்.

திரும்பும் படகில் சைக்கிளோடு ஒரு பையன்.
ஆற்றின் நடுவே மணியடித்தான்.
ஒன்று, என்றது என் வாய்.
மறுபடி அடித்தான்.
நான் எழுந்து நின்றுவிட்டேன்.
எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.
அவன் நிறுத்தவில்லை,
பாஞ்சுல் கரை தெரியும்வரை அடித்துக்கொண்டே வந்தான்.
ஆறு, ஏழு,
அதற்கு மேல் எண்ணவில்லை.

தேர்தல் வேலைக்கான படிப்பணம்
இன்னும் வரவில்லை. முந்நூறு டலாசி.
புதிய அரசுக்கு மனு எழுதியிருக்கிறேன்.