எட்டாவது குழி

ஆறு வடிந்து பதினோராம் நாள்
அளவு நாடாவோடு சரிவில் இறங்கினேன்.
சேற்றில் நாடா வழுக்கிற்று.
"அதைச் சுருட்டிப் பைக்குள் போடு" என்றாள் நொம்புசோ.
"கதவிலிருந்து கட்டிலுக்கு நாலு எட்டு.
கட்டிலிலிருந்து தண்ணீருக்கு,
அன்றைக்கு, ஒரு எட்டும் இல்லை."

நாலு எட்டு என்று எழுதிக்கொண்டேன்.

கம்பம் நட்ட குழிகள்தான் வீடு என்று மிஞ்சியிருந்தன.
ஆறு கொண்டுபோகாமல் விட்டது ஆறு குழி.
ஒவ்வொன்றிலும் டர்பன் வானம் ஒரு குவளை.
தகரமெல்லாம் கடலுக்குப் போய்விட்டது.
பக்கத்து மண்ட்லா
வாழைப் புதரில் இரண்டு தகடு கண்டெடுத்து
சுண்ணாம்பால் எழுதி நிறுத்தியிருந்தான்:
உங்களுடையதா?

நகரசபை, மூன்றாம் மாடி.
அதிகாரி கோப்பைத் திறக்காமலே சொன்னார்:
வெள்ளக்கோட்டுக்குக் கீழே செங்கல் கூடாது.
மேலே?
மேலே நிலம் இல்லை, மேடம்.

ஆகவே நானும் கெட்டிக்காரியானேன்.
இரண்டரை மீட்டர் யூக்கலிப்டஸ் கால்கள் வரைந்தேன்.
கூரைக்கு மேல் கூரை,
நடுவே சூடு வெளியேற ஒரு சாண் இடைவெளி.
இந்த ஊரில் சூரியன் வடக்கே சாய்ந்து நடக்கும்;
அந்தப் பக்கம் மூங்கில் தட்டி.
தென்கிழக்கே ஜன்னல், கடற்காற்றுக்கு.
கீழே ஆறு போகட்டும், மேலே உறங்கலாம்.
வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று
அரைப் பக்கம் தந்து கண்ணாடிப் பரிசும் அனுப்பியது.
அது என் அலமாரியில் தூசி வாங்குகிறது.

நொம்புசோ தாளைத் தலைகீழாகவும் பார்த்தாள்.
"அழகுதான்.
முழங்கால் போன என் அண்ணி இந்த ஏணியில் ஏறுவாளா?
ஆற்றை உயரத்திலிருந்து பார்க்கணும் என்று
நான் எப்போது கேட்டேன்?"
பிறகு தாளின் ஓரத்தில் விரலை வைத்தாள்,
ஆற்றுக்கு அக்கரையில்,
நான் வெள்ளையாகவே விட்டிருந்த இடத்தில்.
"இங்கே என்ன?"

கோல்ஃப் மைதானம்.
"அன்றைக்கு நனைந்ததா?"

மண்ட்லா பதில் சொன்னான், அங்கே புல் வெட்டுகிறவன்.
மேட்டில் எட்டாவது குழி. நனையவில்லை.
மறுநாள் காலை ஏழுக்கு வரச்சொன்னார்கள்.
போனேன். பாதம் மட்டும் சேறு.
அதற்கும் திட்டினார்கள்.

சனிக்கிழமை வகுப்பில் பாதி கற்று விட்ட தமிழ் எனக்கு.
அன்றிரவு அகராதியில் புரட்டினேன்.
குழி: பள்ளம்.
பிணம் புதைக்கும் இடம்.
நிலத்தின் ஓர் அளவு; நூறு குழி ஒரு மா.
ஒரே சொல்லுக்குள்
கம்பமும் பந்தும் கீழ்த்தெருவில் போன இரண்டு பிள்ளைகளும்
இத்தனை காலம்
நெருக்கியடித்துக் குடியிருந்திருக்கிறார்கள்.

கால்களை எல்லாம் அழித்தேன்.
மேட்டில், தரையோடு தரையாக,
சுவரைப் பங்கிட்டு நிற்கும் நாற்பது வீடு.
பந்து விழும் மணல் பள்ளங்களில் மழை தேங்கட்டும்.
இக்கரைச் சரிவு நாணலுக்கும் கீரைக்கும்.
ஆற்றுக்கு அதன் படுக்கையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்,
அது இனி நம் கட்டிலைத் தேடி வராது.
வரைபடத்தில் ஒரு மாமரத்தையும் விட்டுவைத்தேன்.
எட்டாவது குழிக்குப் பின்னால் நிற்கிறது;
அதை நட்டவர் எப்போது, எந்த லாரியில் ஏற்றப்பட்டார் என்று
எந்தத் தாளிலும் இல்லை.

இது கட்டடக்கலை இல்லை, அரசியல் என்றார் அதிகாரி.
வெள்ளக்கோடும் ஒருவர் வரைந்ததுதானே என்றேன்.
கோப்பு இன்னும் அவர் மேசையில்.

போன ஞாயிறு விடியுமுன்
பாலத்தைத் தாண்டிப் போனோம்.
நாடாவை எடுத்தேன். அவள் பார்த்த பார்வையில்
திரும்பப் பையில் போட்டேன்.
கொடிக்கம்பத்தைக் கதவாக வைத்து நடந்தாள்.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
நின்றாள்.
இன்னொன்று வைத்தாள்.
"ஐந்தாவது?"
"மேசைக்கு. நந்தி பாடம் எழுத."

தூரத்தில் மண்ட்லா
எண்ணி முடியட்டும் என்று இயந்திரத்தை நிறுத்தியிருந்தான்.
நாங்கள் பாலத்தில் திரும்பும்போது மறுபடி உறுமல்.
பனி நனைந்த புல்லில்
அவள் குதிகால் பதிந்த ஐந்து இடத்தையும் சுற்றிக்கொண்டு
மீதியை வெட்டினான்.