கண் கூலி

பிஷ்கெக் மேற்குப் பேருந்து நிலையத்தில்
கோச்கோருக்கு அறுநூறு என்றான் உலார்பெக்.
என் பணமோ எண்ணிச் சுட்ட பணியாரம்.
அவன் கைப்பேசிக் கால்குலேட்டரில்
நானூற்றைம்பது தட்டினேன்.
அவன் அழித்தான். நான் அழித்தேன்.
ஐந்நூற்றைம்பதில்
இருவருக்கும் விரல் ஓய்ந்தது.

மிச்சம் பிடித்த ஐம்பது சோமை
நோட்டில் இரவு நூடுல்ஸுக்கு எழுதிவைத்தேன்,
இன்னும் காலை எட்டு மணிகூட ஆகவில்லை.

ஜப்பானில் ஓடி முடித்து வந்த ஹோண்டா.
ஸ்டீரிங் நம்மூர்போல வலப்பக்கம்,
வண்டி போவதும் சாலையின் வலப்பக்கம்.
முன்னால் போகிற லாரியை முந்துவதென்றால்
எதிரே வருவது ஓட்டுகிறவனுக்குத் தெரியாது.
இடது இருக்கைக்குத்தான் தெரியும்.
இடது இருக்கையில்
நான்.

பின்னாலிருந்த தோதுகான்
காய்ந்த தயிர் உருண்டை ஒன்றை
உள்ளங்கையில் வைத்து நீட்டி
"பார்" என்றாள்.
பார்த்தேன்.
அதை வாயில் போட்டுக்கொண்டு
வெறுங்கையைக் காட்டி
"ஜோக்" என்றாள்.
இருக்கிறது என்றால் பார். இல்லை என்றால் ஜோக்.
நான் ஏன் சிரிக்கிறேன் என்று
காரில் ஒருவருக்கும் புரியவில்லை.

பாலிக்சி தாண்டியதும் வேலை ஆரம்பமானது.
"பார்பி?"
"பார்." பிரேக்.
"பார்பி?"
"ஜோக்." சீறிப் பாய்ந்தது.
ஐம்பதுக்கு மல்லுக்கட்டிய அதே வாயில்
ஐந்து பேர் உயிர்.

அப்புறம் மலை சட்டென்று விலகி
நீர்த்தேக்கம் தெரிந்தது.
அந்த நீலத்தை நான் எங்கும் கண்டதில்லை.
அதைப் பார்த்தபடியே
"ஜோக்" என்று சொல்லிவிட்டேன்.

பால் டேங்கர்.

சரளைக்கல் அடிவயிற்றில் அறைந்தது.
ஹாரன் ஒலி நீண்டு, தேய்ந்து, மலைக்குள் போனது.
ஒருவரும் திட்டவில்லை.
தோதுகான் மட்டும் என் கையில்
ஒரு தயிர் உருண்டையைத் திணித்தாள்.
உப்பு. கண்ணீர் வருமளவுக்கு உப்பு.
அடுத்த லாரி வந்தது.
உலார்பெக் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்
மறுபடியும் என்னிடமே கேட்டான்:
"பார்பி?"

கோச்கோர் சந்தை வாசலில்
பேசிய காசை எண்ணிக் கொடுத்தேன்.
அவனும் எண்ணினான்.
ஒரு ஐம்பதை உருவி என்னிடம் நீட்டி
தன் கண்ணைத் தொட்டுக் காட்டினான்,
பிறகு என் கண்ணை.

செலவுக்கு மட்டுமே கோடு போட்ட நோட்டு,
வரவென்று ஒரு பக்கம் அதில் இல்லை.
அந்த டேங்கருக்கு எவ்வளவு பிடித்துக்கொண்டாய்
என்று கேட்க ஆசைதான்.
வார்த்தை
ஜோக்.