அந்நியப் பொருள்

மூன்று நாளாய் விடிந்து பார்த்தால்
முப்பத்தொரு சதவீதம்தான் என்று
உம்ஷ்லாங்காவிலிருந்து புகார்.
டாக்டர் கோவெண்டர், பதினொன்றாம் எண் நிறுத்தம்.
செயலி சொன்ன காரணம் இரண்டே சொல்:
அந்நியப் பொருள்.

ஃபீனிக்ஸிலிருந்து வேனை எடுத்தேன்.
எங்கள் தெருவில் இரவு பத்துக்கே கரண்ட் போய்விட்டது.
போனை வட்டத் தட்டின் மேல் வைத்துத் தூங்கியிருந்தேன்.
கரண்ட் எப்போது வந்ததோ,
போன் ஒரு விரற்கடை விலகிக் கிடந்திருக்கிறது.
காலையில் ஒன்பது சதவீதம்.
வயரில்லாததைப் பொருத்திப் பிழைப்பவள்
வேனில் வயரைச் செருகிக்கொண்டு ஓட்டினேன்.

ஜூலைக் குளிர்.
அடித்தளத்தில் கடலின் ஈரம் சுவரேறியிருந்தது.
கார் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே
பதினைந்து சென்டிமீட்டர் காற்று.
அந்தக் காற்றில்தான் என் சம்பளம்.
கீழே ஒரு செம்புச் சுருள், மேலே ஒன்று;
தொடாமல் கொடுக்கும், தொடாமல் வாங்கும்.
ஆனால் கொடுப்பதற்கு முன்
கீழே இருப்பது கேட்கும்: யார் நீ?
மேலே இருப்பது தன் எண்ணைச் சொல்ல வேண்டும்.
சொன்னால்தான் சொட்டும்.
இந்த நாட்டுக்கு இது புதுக் கேள்வி இல்லை.

காரை நகர்த்தச் சொல்லிவிட்டு
டார்ச்சோடு குனிந்தேன்.
காசு இருக்கும், சாவி இருக்கும்,
போன மாதம் ஒரு வீட்டில் பல் கிளிப் இருந்தது.
இங்கே ஒன்றுமில்லை.
தட்டின் ரப்பர் மேல் ஒரு வட்டத் தடம் மட்டும்,
உள்ளங்கை அகலம்.
ஓரத்தில் காய்ந்த பீன்ஸ் ஒன்று.
எறும்பு அதை எனக்கு முன்பே கண்டுபிடித்திருந்தது.

காவலறையில் தெம்பின்கோசி எழுந்து தொப்பியைக் கழற்றினார்.
நான் கேட்கவே இல்லை.
"ராத்திரி ரெண்டு மணிக்குக் கையை விட்டுப் பார்த்தேன், சிஸ்.
தட்டு கதகதன்னு இருந்தது.
டப்பாவை உள்ளே தள்ளினேன்."
சுட்டதா?
"எங்கே! விளக்கு சிவப்பாச்சு. அவ்வளவுதான்.
ஆனா பழைய சூடு கொஞ்ச நேரம் இருக்கும்.
ஃபூத்து கல்லா இருக்காது. அது போதும்."

விளக்கிச் சொன்னேன்.
பெயர் சொல்லத் தெரியாத உலோகம் நடுவில் வந்தால்
அதற்குப் பயம், நெருப்புப் பிடிக்குமென்று.
உடனே எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.
அவர் டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
மூடி நசுங்கிய அலுமினியம்.
"இதுகிட்ட பேப்பர் இல்லை" என்றார்.
சிரித்தார்.
"எங்கப்பாவையும் இப்படித்தான்,
வெஸ்ட் ஸ்ட்ரீட்டில் ஒருநாள்."
அதற்குமேல் அவரும் சொல்லவில்லை,
நானும்.

படிவத்தில் ஒரு கட்டம்:
கண்டெடுத்த பொருள்?
சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாள்,
காற்றில் வந்தது, என்று எழுதினேன்.
தரைக்குக் கீழே இரண்டு மாடி,
அங்கே ஏது காற்று?
யாரும் கேட்கவில்லை.
டாக்டர் மாலையில் ஐந்து நட்சத்திரம் போட்டார்.

கிளம்பும்போதுதான் கண்ணில் பட்டது:
காவலறை மேசைக்கடியில் ஒரு பிளக் பாயின்ட்,
பழைய வகை, குண்டு குண்டாய் மூன்று துளை,
மேலே மஞ்சள் டேப்.
எத்தனை நாளா செத்துக் கிடக்கு?
"நான் வந்த நாளிலிருந்து.
அஞ்சு வருஷம். எழுதிக் கொடுத்தேன், ரெண்டு தடவை."

உள்ளே கழன்ற ஒரே வயர்.
ஸ்க்ரூடிரைவர், பத்து நிமிடம்.
அந்தப் பத்து நிமிடம் எந்தப் படிவத்திலும் இல்லை.
அவர் அலமாரிக்குப் பின்னாலிருந்து
தூசி படிந்த கெட்டிலை எடுத்துக் குழாயடிக்குப் போனார்.
செருகினார்.

அந்தப் பழைய துளைகளுக்கு
யாரையும் பெயர் கேட்கத் தெரியாது.
சற்று நேரத்தில் தண்ணீர் இரைய ஆரம்பித்தது.
டப்பாவைக் கெட்டில் மூடிமேல் வைத்துவிட்டு
எனக்கொரு கோப்பை தேடிக்கொண்டிருந்தார்.