எந்தப் பை

தொழிற்சாலையில் ரத்ததானம் நடந்த வெள்ளிக்கிழமை
ஒரு மைலோவும் இரண்டு பிஸ்கட்டும் தந்தார்கள்.
மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம்:
உங்கள் ரத்தம் வேண்டாம்.

அதைவிட மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள், மலாயில்.
ஜெலுத்தோங் பிளாட்டில்
லிஃப்ட் வருவதற்குள் மூன்று தடவை படித்தேன்.

ஈரக்குலை நடுங்குது என்பார்கள்.
என்னுடையது நடுங்கவில்லை.
முப்பது வருடமாக ஒருத்தனைக் குடிவைத்திருக்கிறது,
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

பெரியாஸ்பத்திரியில் மிஸ்ஸி ஃபாரம் நிரப்பினாள்.
பச்சை குத்தியதுண்டா?
போதைக்கு ஊசி?
புருஷன்?
புருஷன் என்று மட்டும் கேட்டுவிட்டு
பேனாவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தாள்.
தனபாலன் வெளியே பெஞ்சில்
ஹெல்மெட்டை மடியில் வைத்து
பிள்ளையைப்போல் தட்டிக்கொண்டிருந்தார்.

ரத்தம் ஏற்றியதுண்டா?
அப்போதுதான் ஞாபகம் வந்தது.
எண்பத்தொன்பது. யோகமலர் குறுக்கே கிடந்தாள்.
கட்டில் நனைந்து, தரை நனைந்து,
டாக்டரின் வெள்ளைச் சப்பாத்து நனைந்ததுவரை தெரியும்.
கண் விழித்தபோது இரண்டு பை தொங்கின.
ஒன்று காலி. ஒன்று பாதி.

எந்தப் பை என்று கேட்டேன்.
அதையெல்லாம் யாருக்கம்மா தெரியும் என்றாள் மிஸ்ஸி,
அப்போ இந்தச் சோதனையே கிடையாதே.

வீட்டுக்கு வந்து
என் நகவெட்டியில் சிவப்பு நூல் கட்டினேன்.
அவர் சவரக்கத்தி ஒரு டப்பாவில்,
என் பல்துலக்கி இன்னொன்றில்.
அவருக்குச் சோதித்தார்கள், ஒன்றுமில்லை.
யோகமலருக்கும் இல்லை.
அந்த இரண்டு தாளையும்
விபூதித் தட்டுக்கு அடியில் வைத்தேன்.

தீபாவளிக்கு சுங்கைப்பட்டாணி நாத்தனார்
எல்லாருக்கும் எவர்சில்வரில் தண்ணீர் தந்தாள்.
எனக்குக் காகிதக் கோப்பை.
தம்ளரில் ஒட்டாது என்று டாக்டர் சொன்னதைச் சொல்ல வந்தேன்.
வாயில் முறுக்கு இருந்தது.
மென்று விழுங்கினேன்.
கிளம்பும்போது ஒரு பாட்டில் கீழாநெல்லிச் சாறு கொடுத்தாள்,
அன்பாகத்தான்.
பாலம் ஏறுமுன் பெட்ரோல் நிலையத்தில் கொட்டினேன்.

மாத்திரை எண்பத்துநாலு நாள்.
பாயான் லெப்பாஸில் இரவு ஷிஃப்ட்,
இரண்டு மணி இடைவேளை, கேன்டீன்.
வைட்டமினா என்பாள் ரொஹானி.
ஆமாம் என்பேன்.
மைக்ரோஸ்கோப்புக்கு அடியில்
சில்லில் முடியளவு விரிசலைக் கண்டுபிடிக்கத்தான்
எனக்குச் சம்பளம்.

ரத்த சம்பந்தம் என்றால் என்ன
என்று அந்த இரவுகளில் யோசித்தேன்.
கொடுத்தவர் ஆணா, பெண்ணா,
சீனரா, மலாய்க்காரரா, நம்மவரா,
அவருக்கும் ஒரு மைலோ கொடுத்திருப்பார்களா.
உள்ளே இருப்பது தெரியாமல்
கையை நீட்டிப் படுத்திருப்பார்,
என்னைப்போலவே.
திட்ட ஆரம்பிப்பேன்.
விடிந்து பஸ்ஸில் ஏறியும் திட்டு முடிந்திருக்காது,
யோகமலர் போன் பண்ணுவாள்:
பசியாறிட்டியாம்மா?
அந்தப் பை இல்லாவிட்டால்
இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை.

அவருக்குக் கடிதம் வந்ததா?
யாராவது சொன்னார்களா?

ஜூலையில் சொன்னார்கள், ரத்தத்தில் இப்போது இல்லை என்று.
தனபாலன் ஒரு பெட்டி தவ்சார் பியா வாங்கி வந்து
லிஃப்டிலேயே இரண்டைத் தின்றுவிட்டார்.
ஈரலில் தழும்பு இருக்கிறது.
ஆறு மாதத்துக்கு ஒரு முறை போய்ப் படுக்கவேண்டும்,
விலாவில் குளிர்ந்த களிம்பு,
மூச்சை இழுங்க, விடாதீங்க.
இனி தானம் கொடுக்கமுடியாதாம்.
போனவனின் சுவட்டை ரத்தம் வைத்துக்கொள்ளுமாம்,
அந்தச் சோதனை எப்போதும் ஆமாம் என்றுதான் சொல்லுமாம்.

போன ஞாயிறு
பால்கனியில் அவர் கால்நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.
கையில் சிவப்பு நூல்.
ஐயோ என்று அடுப்படியிலிருந்து ஓடினேன்,
கையில் கரண்டியோடு.

என்ன என்றார்.

ஒன்றுமில்லை என்றேன்.
குழம்பு அடிப்பிடிக்கும் வாசனை வரும்வரை
அங்கேயே நின்றேன்.