எந்தப் படம்?

மே மாதச் சனி இரவு பன்னிரண்டரைக்குப்
போட்டி தொடங்கியது.
ஆம்பூரில் மின்விசிறி
வெக்கையைக் கிண்டிக்கொண்டிருந்தது.
இரண்டு வீட்டுக்கும் பொதுவான மாடிப்படியில்
நானும் தஹ்சீனும்,
நடுவில் கைபேசி,
அதற்குள் இருபத்தாறு நாடுகள்.

நாங்கள் பூட்ஸுக்கு மேல்தோல் தைக்கிறவர்கள்.
அட்டைப்பெட்டி லேபிளில் மட்டும் பார்த்த ஊர்கள்
அன்றைக்குத்தான் தொண்டையோடு வந்தன.
ஒவ்வொருவர் பாடும்போதும்
முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தோம்.
இது நம்ம லைன், இது இத்தாலி,
இது ஒட்டினது, தைக்கல.

ஒன்பதாவதாக வந்தாள் ஒருத்தி.
நாட்டின் பெயரைச் சொன்னால் தஹ்சீனுக்குச் சிரிப்பு,
எனக்குத் தும்மல்.
வெறுங்காலோடு நின்றாள்.
"இவ ஒருத்திதான்மே நமக்கு வேலை குடுக்கல"
என்றாள் தஹ்சீன்.
பிறகு இருவரும் பேசவில்லை
பாட்டு முடியும்வரை.

நடுவர்கள் பன்னிரண்டு, பத்து, எட்டு என்று
வாரி வாரி யாருக்கோ கொடுத்தார்கள்.
அவளுக்கு மொத்தமே ஏழு.
இருபத்து நான்காவது இடம்.
நெருப்பும் முரசுமாக வந்தவன் ஜெயித்தான்.
அவன் பாட்டு ஆறு மாசம் ஓடும் என்று
அரை பிளேட் பிரியாணி பந்தயம் கட்டினேன்.

பழைய ஆர்டர் நோட்டின் பின்பக்கம்
இரண்டு கோடு கிழித்தேன்:
மேடையில் எந்த இடம்,
விற்பனையில் எந்த இடம்.
வெள்ளிக்கு வெள்ளி, ஷிப்ட் முடிந்து,
பட்டியலைப் பார்த்து எழுதுவது.

ஜெயித்தவன் முதல் வாரம் ஒன்பது.
அடுத்த வாரம் நாற்பத்தேழு.
அதற்கடுத்து ஆளைக் காணோம்.
வெறுங்கால்காரி எண்பத்தெட்டில் நுழைந்தாள்.
அறுபத்தொன்று. முப்பத்து மூன்று. பத்தொன்பது.
ஏன் என்று யாரும் எழுதவில்லை.
தோற்றதெல்லாம் ஏறும் என்று நினைக்க வேண்டாம்,
இருபத்தைந்தும் இருபத்தாறும்
எந்த ஊர்ப் பட்டியலிலும் தலைகாட்டவில்லை.

ஒரு நூல் பிசகினால்
தேவசகாயம் சார் சாக்பீஸில் 'பி' என்று போடுவார்.
'பி' எல்லாம் பைபாஸ் ரோட்டுக் கடைக்கு.
பெங்களூர் போகிற கார்கள் நின்று,
பேரம் பேசி,
மாட்டிக்கொண்டு போய்விடும்.
இதையும் அதையும் முடிச்சுப் போட்டு
ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
"பூட்ஸும் பாட்டும் ஒண்ணாமே?
பூட்ஸைத் திருப்பி அனுப்பலாம்,
பாட்டை அனுப்பிப் பாரு" என்றாள்.

ஏழாவது வாரம் பதினான்கு.
மிஷின் சத்தத்தோடு நான் முனகியது
சாருக்குக் கேட்டுவிட்டது.
"இன்னா பாட்டு அது? எந்தப் படம்?"
"படம் இல்ல சார்."
"படமே இல்லாத பாட்டா?
அப்பறம் யாரு கேக்கறாங்க?"
"பதினாலாவது எடம் சார்."
"எதுல?"
அந்த நாட்டின் பெயரைச் சொல்லப் போய்
தும்மினேன்.

வரிகளை மொழிபெயர்த்துப் பார்த்தோம்.
காதல் இல்லை, நாடு இல்லை,
படகுத்துறையில் சில்லறை தேடுகிற ஒருத்தி.
அதற்குள் படகு போய்விடுகிறது.
அவ்வளவுதான்.
தஹ்சீன் மறுபடி போடச் சொன்னாள்.
மாதனூர் பஸ்ஸில், கேன்டீன் வரிசையில்,
கரண்ட் போன ராத்திரியில்
முந்நூறு தடவை கேட்டிருப்போம்.
அதெல்லாம் கணக்கில் வராதாம்.
அந்த நாட்டுப் பட்டியல்
அந்த நாட்டுக் காதுகளை மட்டும் எண்ணும்.
பாலாற்றுக்கு இந்தப் பக்கம் கேட்டது
காற்றோடு சரி.

பதினான்கைத் தாண்டி ஏறவில்லை.
இருபத்தாறு, ஐம்பத்திரண்டு.

பந்தயத்தில் தோற்றவள் நான்.
சம்பளம் வந்தது, வா போகலாம் என்றேன்.
"இப்ப வேணாம்,
அது நூறைத் தாண்டி வெளிய போகட்டும்.
அன்னிக்கு வாங்கிக் குடு,
அன்னிக்குத்தான் வயிறு காலியா இருக்கும்."

இந்த வாரம் எண்பத்தொன்று.