இரண்டு பவுண்டு மூலதனம்

முன்பணம் கொடுக்கும் முன்
பதிவேட்டைப் பார் என்றான் என் மைத்துனன்.
கடல் பக்கம் சாய்ந்து நிற்கும் புகைபோக்கி
இன்னும் ஒரு ஜனவரி தாங்காது.
பார்த்தேன்.

உல்லியட் அண்ட் ஸ்பெய்ட் பில்டர்ஸ் லிமிடெட்.
எட்டு இலக்க எண், முதலில் ஒரு சைபர்.
தொழில்: குடியிருப்புகள் கட்டுதல்.
மூலதனம் இரண்டு பவுண்டு;
ஆளுக்கொரு பங்கு, பங்குக்கு ஒரு பவுண்டு.
ஒரு மூட்டை சிமெண்டுகூட வராது அதில்.

பதிவு அலுவலகம் மூன்று இடம் கண்டிருக்கிறது.
ஆரம்பம் கணக்கரின் வாசலில்;
பிறகு வறுத்த மீன் கடைக்கு மேலே, மாடி;
இப்போது பிரிட்லிங்டனில்
ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு கொட்டகை.

வருடக் கணக்கு எப்போதும் கடைசி நாளில்தான்.
ஒரு மார்ச்சில் அதுவும் இல்லை:
பெயரை நீக்கப் போவதாக அறிவிப்பு வந்து
பதினோரு நாளில் நின்றிருக்கிறது.
அந்தப் பதினோரு நாள் என்ன செய்தார்கள் என்பதற்குப்
படிவம் கிடையாது.

இயக்குநர்: பார்னபி உல்லியட். பிறப்பு, அக்டோபர்.
(தேதியைச் சொல்வதில்லை அரசாங்கம்;
அந்த அளவுக்கு நாகரிகம்.)
இயக்குநர்: கான்ராட் ஸ்பெய்ட். விலகினார்.
சராசரி ஊழியர் எண்ணிக்கை
போன வருடம் இரண்டு, இந்த வருடம் ஒன்று.
ஒன்றுக்கு எதற்குச் சராசரி?

வியாழக்கிழமை வந்தார், அந்த ஒன்று.
வேனின் மேலிருந்து ஏணியை இழுத்தவர்
மறுமுனையை யாரோ பிடிப்பார்கள் என்பதுபோல
ஒரு கணம் நின்றார். பிறகு தானே சுற்றிப் போனார்.
தேநீரில் மூன்று சர்க்கரை.
இந்த மனிதரின் கடன் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்;
என் பெயர்கூட அவருக்குச் சரியாகத் தெரியாது,
பிளெங்கினை பிளெங்கின்சாப் என்றார்.
வெட்கமாக இருந்தது.
அடுத்த வீட்டுக் கொடியில் காயும் துணிகளை
எண்ணிவிட்டு வந்தவள் மாதிரி.

எதையாவது பேச வேண்டுமே என்று கேட்டேன்:
வீடு கட்டுவதுதானே உங்கள் தொழில்,
இதுவரை எத்தனை?

ஒட்டுப்போட்டது, பூசியது, ஓடு மாற்றியது
எல்லாவற்றையும் மனசுக்குள் கழித்தார் போல;
தேநீர் ஆறிவிட்டது.
அரை, என்றார்.
ஃபைலி சாலையில். இன்னும் நிற்கிறது.
மற்ற அரை கான்ராட்.

காசோலையில் பெயரை முழுதாக எழுதினேன்,
அண்ட் உட்பட, ஸ்பெய்ட் உட்பட.
வங்கி அப்படித்தான் கேட்கும்.